எங்களுக்கு மணக்காத தைலம்

1

நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த வாரத்தில் என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மஞ்சள் காகிதம், இரண்டு பக்கம். தலைப்பில் 'கன்டாமினேஷன் ரிப்போர்ட்' என்று இருந்தது. இங்கே என்னை அதிகம் மிரட்டிய ஆங்கிலச் சொல் அதுதான். அதனால் இந்தத் தடவை அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். நீலகிரியில் நெல்லியாளம் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பதினாறு வயதில் மலையை விட்டு இறங்கினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் ஐஸ் கம்பெனி, நடுவே லாரி கிளீனர், பிறகு கத்தாரில் சிமெண்டு மூட்டை. எங்கும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நின்றதில்லை. என் மனைவி ரெஜினா குன்னூர்க்காரி, நர்ஸ் படித்தவள். அவளுக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் ஜெனியும் வந்தோம். ஜெனிக்கு அப்போது ஆறு வயது.

எனக்குக் கிடைத்தது தேயிலைக் கிடங்கில் வேலை. பல நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் தூளைக் கலந்து பெட்டியில் அடைக்கும் இடம். தேயிலைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவனை அது இங்கே வந்து பிடித்துக்கொண்டது என்று ரெஜினா இன்றைக்கும் சிரிப்பாள்.

முதல் நாள் புதியவர்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். வகுப்பெடுத்தவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை 'கன்டாமினேஷன்' என்றார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த போலந்துக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி என் காகிதத்தின் மேல் போட்டார். "இதுதான்" என்றார். அகராதியில் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

முடி, மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், கண்ணாடிச் சில்லு, கடலைப் பருப்பு. எது தூளில் விழுந்தாலும் கன்டாமினேஷன். இரண்டு வருடத்துக்கு முன் என் பேனாவின் மூடி கலக்கும் உருளைக்குள் விழுந்துவிட்டது. அரைநாள் உருளையை நிறுத்தித் தேடினார்கள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். இரண்டாவது எச்சரிக்கை வந்தால் வேலை நிலைக்குமா என்பதை மேலே பேசித்தான் முடிவு செய்வோம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஹெலனிடம் வந்தேன். ஹெலன் தரம் பார்க்கும் அம்மாள். அறுபதை நெருங்கியவர். தேநீரை உறிஞ்சி வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்த மாதம் என்று சொல்லிவிடுவார். மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சின்னத் தகர டப்பாவில் நிரப்பி அவர் மேசையில் வைப்பது என் வேலை. அவர்தான் எனக்கு இன்னொரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். "கல் விழுந்தால் பொறுக்கிவிடலாம், ராஜ். பொறுக்கி எடுக்க எதுவுமே இல்லாமல் மணம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொள்ளும் பார், அதற்குப் பெயர் டெயின்ட். கன்டாமினேஷனில் மோசமானது அதுதான்."

அருள்ராஜ் என்ற என் பெயரில் அவருக்கு வாலாக வருவது மட்டும்தான் வாயில் நுழையும். நான் தலையாட்டினேன். அந்தப் பாடம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

2

என் அம்மா எஸ்டேட் பாக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மழை, அட்டை, ஏற்றம். சலிக்கும் அறையில் அதெல்லாம் இல்லை. தலைக்கு மேலே கூரை. அதனால் அந்த வேலைக்குப் போட்டி அதிகம்.

அந்த அறையின் வாசலில் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். உள்ளே போகும் பெண்கள் தலையில் பூ வைத்திருந்தால் எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். வெற்றிலைப் பை, தைல சீசா, எல்லாம் ஆணியில்தான். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருத்தியின் தலையையும் கையையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். தூள் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். வெங்காயம் நறுக்கிய கையோடு போனால் அன்றைக்குச் சலித்ததெல்லாம் வெங்காயம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அந்தச் சுவரைப் பார்ப்பேன். அம்மாவின் ஆணி ஐந்தாவது.

ஒரு தடவை குன்னூர் ஏலத்துக்குப் போன தூள் திரும்பி வந்தது. தைல வாடை என்று சொல்லியிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மலை முழுக்கக் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ், ஊட்டிப் பக்கம் போனால் தைலம் காய்ச்சும் கொட்டகைகள். மூட்டை ஏறிய லாரியில் முந்தின நாள் தைல டின் ஏற்றியிருந்தாலும் போதும். ஆனால் யாராவது ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வாரம் அம்மாவுக்குச் சளி. இருமிக்கொண்டே வேலை செய்தாள். இருமுகிறவள் தைலம் தேய்த்திருப்பாள் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் பிரிக்கும் இடத்தில், அவள் பெயரைக் கொழுந்துக் கூட்டத்தில் சேர்த்து வாசித்தார்கள்.

அவள் தேய்க்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வாரம் தைலமே இல்லை. வாங்கி வரச் சொல்லி அனுப்பியும் விளையாடப் போய் மறந்தவன் நான். அதை எந்தக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொல்வது?

வேலை மாறியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்டாப் குவார்ட்டர்ஸில் தீபாவளிக்கு மாவு சலிக்க அம்மாவைக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் கூப்பிடவில்லை. "அவ கை பட்டா மாவும் தைலம் வீசும்" என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னது நிலைத்துவிட்டது. அம்மா ஓய்வு பெறும்வரை மழையில்தான் கொழுந்து எடுத்தாள். அதன் பிறகு அவள் நெஞ்சில் தைலம் தேய்த்து நான் பார்த்ததில்லை.

3

இனி போன மாதத்து அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு இரண்டு வாரமாகச் சளி. காலையில் புறப்படும் முன் ரெஜினா உள்ளங்கையில் நாலு சொட்டுத் தைலம் விட்டு நெஞ்சிலும் கழுத்திலும் தேய்த்துவிடுவாள். மீதியை நான் என் கைகளில் வழித்துக்கொள்வேன். என் தங்கை செல்வி ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய சீசா அது. கிடங்கின் விதிகளில் வாசனைத் திரவியம் கூடாது என்று இருக்கிறது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தைலத்தை வாசனைத் திரவியம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அது மருந்து.

அன்று காலை ஐந்து நாட்டு மூட்டைகள் வந்து இறங்கின. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி அடுக்கில் மூட்டையின் மேல் 'பந்தலூர்' என்று அச்சடித்திருந்தது. பாக்டரியின் பெயரையும் படித்தேன். நான் பிறந்த லயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒன்பது வருடத்தில் நீலகிரித் தூள் பல தடவை வந்திருக்கிறது, அந்தப் பெயர் வந்ததில்லை.

கையுறையைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூட்டையின் வாயைப் பிரித்து வெறும் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தேன். நல்ல தூள். அந்தப் பிடியை அப்படியே மாதிரி டப்பாவில் போட்டு மூடினேன்.

பதினொரு மணிக்கு ஹெலன் கூப்பிட்டார். ஐந்து கிண்ணம் வரிசையாக இருந்தது. கடைசிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"மோந்து பார், ராஜ்."

பார்த்தேன். "நல்ல டீ" என்றேன்.

"உனக்கு ஒன்றுமே தெரியவில்லையா? யூகலிப்டஸ். இருமல் மிட்டாயைக் கரைத்த மாதிரி இருக்கிறது."

இன்னொரு முறை மோந்தேன். எனக்கு டீ மட்டும்தான் மணத்தது. ஹெலன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உன் ஊர்ப் பக்கத்துத் தூள்தானே? அங்கே அந்த மரம் நிறையவாம். அந்த மூட்டைகள் மொத்தமும் ஒரு லாட், அதை நிறுத்தி வைக்கிறேன். திங்கட்கிழமை பாக்டரிக்குக் கடிதம் போகும்."

"போனால் என்ன செய்வார்கள்?"

"மூலத்தைத் தேடச் சொல்வோம். தங்கள் ஆட்களை விசாரிப்பார்கள்." மஞ்சள் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "மாதிரி எடுத்தவன் நீ. உன் பக்கத்தை நிரப்பித் திங்கட்கிழமை காலையில் கொடு."

4

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா கேட்டாள். "ஏனுங்க, மொகமே செரியில்ல?"

நடந்ததைச் சொன்னேன். அந்த பாக்டரிக்காரன் மேல் எனக்கு நல்ல கோபம். இத்தனை தூரம் அனுப்புகிறவன் கவனமாக இருக்க வேண்டாமா என்று சத்தம் போட்டேன்.

"கற்பூர மரத்துக்கடில காயப் போட்டிருப்பாங்களோ என்னமோ" என்றாள் ரெஜினா.

"தேயில என்ன வடகமா, மரத்தடில காயப் போட? குன்னூர்ல பொறந்துட்டுப் பேசற பேச்சப் பாரு."

"எங்கப்பா தாலுகா ஆபீசுங்க. எனக்கென்ன தெரியும் உங்க எஸ்டேட் ரகசியம்?"

ஜெனி மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்குப் போட்டுப் போகும் கோட்டைச் சமையலறைப் பக்கமே கொண்டுவர மாட்டாள். மாடியில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மாட்டியிருப்பாள். நாங்கள் தாளிக்கிற வாசனை அதில் ஏறக் கூடாதாம். போன வருடம் அதைக் கண்டுபிடித்தபோது நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "அப்பா, அது நீங்கதான்."

"என்னது?"

"அந்த ஸ்மெல். உங்க மேலதான் டெய்லி வருது. கார்ல உங்க பக்கத்துல உக்காந்தா எனக்குக் கண்ணே எரியுது."

ரெஜினா தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். "ஒண்ணும் வரலையே, கண்ணு."

"உங்களுக்கு வராதும்மா. நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ளயே பொறந்தவங்க. இந்த ஊடே அப்படித்தான் வருது. நான் சொன்னா அப்பா கோவிச்சுக்குவார்னுதான் சொல்லல."

என் சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். கையை மோந்தேன். துணிதான் மணத்தது, தோல்தான் மணத்தது. பிறகு கையுறையைக் கழற்றியது ஞாபகத்துக்கு வந்தது. மூட்டையில் தவறு இல்லை. டப்பாவுக்குள் போன ஒரு பிடியில்தான் தைலம் இருந்தது.

ரெஜினாதான் முதலில் பேசினாள். "எழுதிக் குடுத்துருங்க."

"வேலை போயிரும், ரெஜினா. முன்னமே ஒரு எச்சரிக்கை இருக்கு."

"ஒரு வேல போனா இன்னொண்ணு தேடறது உங்களுக்குப் புதுசுங்களா?"

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த ஒரு வேலையில்தான் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். இதை விட எனக்கு மனமில்லை.

5

சனிக்கிழமை காலையில் செல்வியைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். அவள் இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"சலிக்கிற ரூம்ல இப்பவும் ஆணி இருக்கா, செல்வி?"

"இதக் கேக்கவா லண்டன்லருந்து கூப்புட்ட? ஆணியெல்லாம் போச்சுண்ணே. பிளாஸ்டிக் கூட வச்சிருக்கானுங்க. பூவு, பாக்கு, போனு, எல்லாம் கூடைக்குள்ள."

இது லண்டன் இல்லை என்று அவளுக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. விட்டுவிட்டேன். "வெளிநாட்டுலருந்து தைல வாடைன்னு கம்ப்ளைண்ட் வந்தா என்ன செய்வாங்க?"

"என்ன செய்வானுங்க? எவளாச்சும் ஒருத்திக்கு மறுநாப் பெரட்டுல பேரு மாறும். அம்மாவுக்கு மாறுன மாதிரி."

சொன்னேன். வெள்ளிக்கிழமை நடந்ததை முழுவதும்.

"நான் குடுத்து வுட்ட சீசாவா?"

"ஆமா."

"பாவி மனுசா! நெஞ்சுல தேக்கக் குடுத்தா நீ தேயிலையில தேச்சு வச்சிருக்கியே." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எழுதிக் குடுத்தா ஒன் வேல போயிருமாண்ணே?"

"போகலாம்."

"அந்த பாக்டரியில சலிக்கிறவள்கள்ல எனக்கு ஒருத்தியயும் தெரியாது." மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "எழுதுண்ணே. அன்னைக்கு எவனும் எழுதல."

6

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தோம். எனக்கு ஆங்கிலம் ஓரளவு பேச வரும், எழுத வராது. ஜெனிதான் எழுத வேண்டும். அவள் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்பா, 'மூலம்'னு இருக்குல்ல, அதுல நாலு பாக்ஸ் இருக்கு. பொருள் வந்த இடம், போக்குவரத்து, இயந்திரம், பணியாளர். ஹெலன் ஆன்ட்டி ஏற்கெனவே வந்த இடம்னுதானே நெனைக்கிறாங்க? அதுல ஒரு டிக் போட்டா முடிஞ்சுது. நீங்க பொய்கூடச் சொல்லல, அவங்க சொன்னதத்தான்..."

"கடைசி பாக்ஸ்ல போடு."

"வேல போச்சுன்னா?"

"போடு."

பேனாவை எடுத்தாள். போட்டாள். கீழே விவரம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் கேட்டாள். "கன்டாமினேட்டட்னா தமிழ்ல என்னப்பா? நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் மாத்தி எழுதறேன்."

யோசித்தேன். கலப்படம் என்று சொல்லலாம். ஆனால் கலப்படம் லாபத்துக்காக ஒருவன் தெரிந்தே செய்வது. மாசு என்பது ஆற்றுக்கும் காற்றுக்கும். அசுத்தம் என்றால் அழுக்குக் கை, என் கை கழுவிய கை. இன்னொரு சொல்லும் நாக்கு வரை வந்தது. தீட்டு. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எங்கள் பக்கம் பொருளுக்குச் சொல்லிக் கேட்டதைவிட ஆளுக்குச் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். ஆள் மேல் ஒட்டினால் பிறகு எத்தனை கழுவினாலும் போகாது. என் அம்மாவைப் பற்றி அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாவு சலிக்கக் கூப்பிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"அதுக்குத் தமிழ் வேண்டாம். என் கையில இருந்த தைலம் டப்பாவுல ஏறிருச்சு, மூட்டை சுத்தமா இருக்கு, திரும்ப எடுத்துப் பாருங்கன்னு எழுது. கையுறையைக் கழட்டுனது நான்னு எழுது."

"ஏன் கழட்டுனீங்கன்னு கேப்பாங்களே?"

"மூட்டையில எங்க ஊர்ப் பேரு இருந்துச்சுன்னு எழுது."

ஜெனி அதையும் எழுதினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"தீர்ந்த நாள். பிரச்சினை முடிஞ்சதும் ஹெலன் ஆன்ட்டி தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் அந்த லாட்டப் பத்தி யாரும் பேசக் கூடாதாம்."

இந்தச் சொல்லின் பயன்பாட்டில் எனக்குப் பிடித்தது அந்தக் கட்டம்தான். ஒன்பது வருடமாக மிரட்டிய சொல்லுக்கு ஒரு முடிவு தேதியும் கூடவே இருந்திருக்கிறது. என் அம்மாவுக்கு யாரும் அந்தக் கட்டத்தை வரையவில்லை.

7

திங்கட்கிழமை ஹெலன் படிவத்தை நின்றுகொண்டே படித்தார். முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, நடு அறையில், மோந்து பார்த்தார். அன்று சோப்பு போட்டு மூன்று முறை கழுவிவிட்டுப் போயிருந்தேன்.

"இன்னமும் கொஞ்சம் இருக்கிறது" என்றார். "நீ முதல் கட்டத்தில் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்."

மாதிரி எடுக்கும் அறையின் வாசலில், தரையில் இழுத்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே என்னை நிற்கச் சொல்லிவிட்டு, அவரே புதுக் கையுறை போட்டுக்கொண்டு பந்தலூர் மூட்டைகளில் பத்தைப் பிரித்து மாதிரி எடுத்தார். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. பத்துக் கிண்ணம். ஒவ்வொன்றாக உறிஞ்சினார், துப்பினார், தள்ளினார். ஆறாவதில் நின்று திரும்ப உறிஞ்சினார். பிறகு ஏழாவதுக்குப் போனார்.

கடைசிக் கிண்ணத்தையும் துப்பிவிட்டுப் படிவத்தைத் திருப்பி அந்தச் சின்னக் கட்டத்தில் தேதி போட்டார். பாக்டரிக்கு அனுப்பத் தட்டச்சடித்து வைத்திருந்த கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பந்தலூரில் எந்தப் பெண்ணின் பெயரும் மாறாது. அவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். இரண்டாவது எச்சரிக்கை கொடுத்தார். மாதிரி எடுக்கும் அறைக்குள் மூன்று மாதம் போகக் கூடாது, வண்டியிலிருந்து மூட்டை இறக்கும் இடத்தில் வேலை. கதவு எப்போதும் திறந்திருக்கும், மழைச் சாரல் நேராக முகத்தில் அடிக்கும். வேலை இருக்கிறது. மூன்று மாதம் முடியும் தேதியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் நான் ஹெலனின் மேசைக்குத் திரும்பிப் போவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டில் பின்வாசலுக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். தைல சீசா ஒரு பையில் அங்கே தொங்குகிறது. சாயங்காலம் தேய்த்துக்கொள்கிறேன், காலையில் குளித்துவிடுகிறேன். போய்விட்டதா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, ரெஜினாவுக்கும் தெரியாது. அதனால் காலையில் ஜெனி மாடியிலிருந்து இறங்கி வந்ததும் முன்வாசலில் நின்று தலையைக் குனிகிறேன். கையை நீட்டுகிறேன். கோட்டை உறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே அவள் என் தலையையும் காலரையும் இரண்டு உள்ளங்கையையும் மோந்து பார்க்கிறாள். முதல் நாள் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை, வேலையாகச் செய்கிறாள்.

இன்று காலை காலரில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"தைலமா?" என்றேன்.

"இல்ல. வெங்காயம். சட்டைய மாத்திட்டுப் போங்க."

மாற்றிக்கொண்டு போனேன்.